ஜெனரேட்டர் இன்ஜின் டிராக்டருக்கு ஆகுமா?

கேள்வி: அப்பா காலத்து மாஸி பெர்குசன் 1035 வைத்திருக்கிறோம். ரேடியேட்டர் தண்ணீர் பார்க்காமல் ஓட்டியதில் பிளாக் (இன்ஜினின் வார்ப்பு உடல்) விரிசல் விட்டு ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. வேலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே சிம்சன் மூணு சிலிண்டர் இன்ஜின் இருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடியதாம். "அப்படியே உட்காரும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? மல்லாட்டை (நிலக்கடலை) உழவுக்குள் வண்டி தயாராகுமா?
- வாசகர், கே.வி.குப்பம்

பதில்: உட்காரும். "அப்படியே" என்றாரே, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

லாரியில் இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்தாலும் வண்டி நிற்கும், எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமாக சேசிஸ் இருக்கிறது. உங்கள் 1035-க்கு சேசிஸே கிடையாது. முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு இன்ஜின் முகத்தில் பூட்டியிருக்கிறது, இன்ஜினின் பின்பக்கம் கியர் பாக்ஸோடு பூட்டியிருக்கிறது. வண்டியின் முதுகெலும்பே இன்ஜின்தான். அதனால்தான் டிராக்டர் சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) அவ்வளவு கனமான வார்ப்பிரும்பு. ஜெனரேட்டரில் இன்ஜின் ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பலவற்றில் மெல்லிய தகட்டு சம்ப்தான். கடைக்குப் போனதும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லாமல் முதலில் குனிந்து அடியில் பாருங்கள். தகடு என்றால் உங்கள் பழைய சம்பைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும். ஆயில் உறிஞ்சும் குழாயையும் சல்லடையையும் சேர்த்து மாற்ற மறக்க வேண்டாம். சம்ப் ஆழம் மாறினால் குழாய் ஆயிலை எட்டாது.

அப்புறம் பின்பக்கம். ஃப்ளைவீல், கிளட்ச், பின் தகடு எல்லாம் உங்கள் வண்டியுடையதே வர வேண்டும். நான் பட்டறை போட்ட புதிதில் அணைக்கட்டுக்காரர் ஒருவருக்கு இப்படி ஒரு இன்ஜின் மாற்றிக் கொடுத்தேன். பின் தகடு சேரவில்லை. ஓட்டைகளைப் பெரிசு பண்ணி, கண் மதிப்பில் சென்டர் பார்த்துப் பூட்டிவிட்டேன். ரெண்டே மாசம். கியர் பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் பொடிப்பொடி, கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் தேய்ந்து போச்சு, கியர் பாக்ஸ் சீல் ஒழுகி பிளேட்டெல்லாம் ஆயில். வண்டியை ரெண்டாகப் பிரித்து என் கைக்காசில் சரி செய்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க வாடகை டிராக்டரில் உழுதார்.

அன்றிலிருந்து டயல் கேஜ் (மயிரிழை விலகலையும் முள்ளில் காட்டும் அளவுக் கருவி) வைக்காமல் பூட்டுவதில்லை. இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கில் கேஜை நிறுத்தி, ஹவுசிங் வாயைச் சுற்றி ஒரு சுற்று. முள் 0.15 மி.மீ.க்கு மேல் ஆடினால் மறுபடி கழற்றுவேன். உங்கள் மெக்கானிக்கிடம் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

டீசல் பம்ப்பும் வேறு. நம் கரண்ட் நொடிக்கு 50 சைக்கிள். அதற்காக ஜெனரேட்டர் இன்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே நிற்கும்படி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கட்டிப் போட்டிருப்பார்கள். அந்த பம்ப்போடு கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறங்கினால் ஆக்சிலேட்டர் உங்கள் பேச்சைக் கேட்காது. பழைய பம்ப் நன்றாக இருந்தால் அதையே பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிச் சரிபார்த்து மாட்டுங்கள். ஹைட்ராலிக் பற்றிக் கவலை இல்லை. மாஸியில் அந்த பம்ப் பின் பெட்டிக்குள் பி.டி.ஓ. தண்டில் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) ஓடுகிறது, இன்ஜினைத் தொடுவதே இல்லை.

என்னைக் கேட்டால், முழு இன்ஜினாக மாட்டுவதைவிட அதன் பிளாக்கை எடுத்து, அளவு ஒத்துப்போனால் உங்கள் கிராங்கையும் ஹெட்டையும் அதில் போட்டுக் கட்டுவேன். கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப் மட்டும் அந்த பிளாக்கோடு வந்ததாகவே இருக்கட்டும். பிளாக்கும் கேப்பும் சேர்த்துக் குடைந்தவை, கலக்கக் கூடாது.

பிளாக் மாறினால் இன்ஜின் நம்பரும் மாறும். பூட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், கடையில் பில்லும் வாங்குங்கள். கரும்பு லோடோடு அம்முண்டி ஆலைக்குப் போகிற வழியில் ஏதாவது ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

சாமான் எல்லாம் கையில் இருந்தால் ஒரு வாரத்தில் முடியும். லேத் வேலை வந்துவிட்டால் என்னால் நாள் சொல்ல முடியாது. எதற்கும் வாடகை டிராக்டருக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. ரேடியேட்டருக்கு ஊற்றலாமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: பாலாற்றங்கரை போரா? தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன பகுதி ஆச்சே. வேண்டாம். உப்பு படிந்து பிளாக்கின் தண்ணீர்ச் சந்துகள் அடைத்துக்கொள்ளும், இன்ஜின் சூடேறி பிளாக் விரிசல் விடும், அப்புறம் நீங்களும் கே.வி.குப்பத்துக்காரரோடு இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.