வெளிநாட்டில் நிவாரணப் பணியாளராகக் கழித்த முதல் ஆண்டு உங்களுக்கு எப்படி இருந்தது?

இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் குடிநீர்ப் பொறியாளராகப் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் பணியாற்றினேன். என்னுடன் இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள் என்பதால் நாட்டையும் நிறுவனத்தையும் இங்கே குறிப்பிடவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஆபத்தைப் பற்றியோ மனநிறைவைப் பற்றியோ ஏதேனும் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் ஓரளவு இருந்தன. ஆனால் அந்த ஆண்டை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் கேன்.

நிவாரண உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க 1997-இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து தொடங்கிய ஸ்ஃபியர் திட்டத்தின் கையேடு எங்கள் துறையில் ஏறத்தாழ வேதம். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், வசிப்பிடத்திலிருந்து 500 மீட்டருக்குள் நீர் கிடைக்கும் இடம், வரிசையில் 30 நிமிடத்துக்கு மிகாத காத்திருப்பு என்று அதில் உள்ளவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன். தினமும் காலையில் குழாயடிக்குச் சென்று, சிறிய சோதனைப் பெட்டியில் நீரை எடுத்து, மாத்திரையைப் போட்டுக் குலுக்குவேன். கிருமிகளைக் கொல்லும் குளோரின் இருந்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். அதை அட்டவணையில் ஏற்றி மாதக் கடைசியில் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டால் நல்ல பெயர் கிடைத்தது. முகாம் மருத்துவமனையில் வயிற்றுப்போக்குடன் வரும் குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

என்னுடன் பம்ப் இயக்குபவராக இருந்தவர் அதே முகாமில் குடும்பத்துடன் வசித்தவர். முதல் மாதத்திலேயே "ஒருநாள் கூடாரங்களுக்கு வந்து பாருங்கள்" என்றார். வருகிறேன் என்று சொன்னேனே தவிரப் போகவில்லை. அறிக்கையில் கூடாரத்து நீருக்கென்று கட்டம் எதுவும் இல்லை என்பதே, இப்போது யோசித்தால், உண்மையான காரணம். ஐந்தாவது மாதத்தில் ஒரு பிற்பகல் அவர் மறுபடியும் அழைத்தபோது சென்றேன். காலையில் எங்கள் குழாயில் பிடித்த நீர் ஒரு பெண்ணின் 20 லிட்டர் கேனில் பாதிக்குமேல் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து மாத்திரையைப் போட்டேன். மாத்திரை கரைந்தது, நிறம் வரவேயில்லை. பம்ப் இயக்குபவர் மீதி நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றிவிட்டுக் கேனின் வாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். சுவர் முழுவதும் வழுவழுவென்று பச்சைப் பாசி; கை நுழையாத வாய் என்பதால் மாதக்கணக்கில் யாரும் தேய்த்துக் கழுவியிருக்க முடியாது. முதல் மாதமே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

தீர்வும் அவரிடமே இருந்தது. ஒரு பிடி கூழாங்கல்லையும் அடர்த்தியான குளோரின் கரைசலையும் கேனுக்குள் போட்டு, மூடி, பலமாகக் குலுக்கி, பிறகு நல்ல நீரில் அலசினால் பாசி போய்விடும். வாரம் ஒருநாள் குழாயடியிலேயே கேன் கழுவ ஏற்பாடு செய்தோம். அதே வேகத்தில் நான் குளோரின் அளவையும் கூட்டினேன். வாடை பிடிக்காமல் பலர் மீண்டும் ஆற்று நீருக்குப் போய்விட்டார்கள். அந்தத் தவற்றைத் திருத்த இன்னொரு மாதம் ஆயிற்று.

குழாயடியோடு நின்றுவிடும் இந்தப் பழக்கம் வேலையில் மட்டும் இருக்கவில்லை. ஒரு பெண் கையை ஆட்டி ஐந்து நிமிடம் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் "தண்ணீர் போதவில்லையாம்" என்பார். நானும் அதையே குறித்துக்கொள்வேன். மாலை ஆறு மணிக்குமேல் வெளியே நடமாடக் கூடாது, இரவில் வானொலிக் கருவியில் அழைத்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடுகளுடன் மதில் சூழ்ந்த வீட்டில் வசித்த எனக்கு, அந்த நாட்டில் வாழ்ந்தேன் என்று சொல்லவே இன்றும் தயக்கமாக இருக்கிறது. வீட்டாரிடம் தொலைபேசியில் பேசும்போதும் எல்லாம் நலம் என்ற ஒரே பதில்தான்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு வார ஓய்வு விடுப்பு உண்டு. விடுதியில் குளிக்கும்போது எத்தனை லிட்டர் செலவாகிறது என்று எண்ணிக் குற்ற உணர்வு கொண்ட கதையை ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கும் அது நேர்ந்தது, அவ்வளவுதான். என்னை உறுத்தியது வேறு. பம்ப் இயக்குபவருக்கு அப்படியொரு விடுப்பு இல்லை, ஏனெனில் விதிப்படி அவர் 'சொந்த நாட்டில்' இருக்கிறார்.

ஆகஸ்ட் 19-ஆம் தேதி அலுவலகத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம். 2003-இல் அதே நாளில் பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதில் ஈராக்குக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோ உள்ளிட்ட 22 பேர் இறந்தனர். அதன் நினைவாகவே அது உலக மனிதநேய நாள் ஆனது. ஆண்டுதோறும் தாக்குதலுக்கு ஆளாகும் நிவாரணப் பணியாளர்களில் மிகப் பெரும்பான்மையினர் அந்தந்த நாட்டுக்காரர்களே என்று அன்று எங்கள் பாதுகாப்பு அதிகாரி சொன்னார். அவர் சொல்லி முடித்தபோது அறையில் இருந்த உள்ளூர் ஊழியர்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. அது அவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஒப்பந்தம் முடிந்தபோது, எனக்கு அடுத்து வந்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க நான்கு நாள்கள் இருந்தன. அவர் முதலில் குழாயடிக் கணக்குகளைக் கேட்டார். நான் கூடாரங்களுக்கு அழைத்துச் சென்றேன். வழியில் பம்ப் இயக்குபவர் எங்களுடன் சேர்ந்துகொண்டார். நான்கு ஆண்டுகளில் அவர் பார்த்த ஆறாவது பொறியாளர் இவர். கைகுலுக்கிவிட்டு, புதியவருக்கு உச்சரிக்க வரும்வரை, தன் பெயரை மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.