தம்பிக்காக ஜெபிப்பதை நிறுத்திவிடலாமா?

அன்புள்ள ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

என் தம்பிக்கு 38 வயது. ஒன்பது வருடமாகத் தினமும் குடிக்கிறான். ஒன்பது வருடமும் அவனுக்காக ஜெபித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம், இரண்டு பொருத்தனை எல்லாம் செய்தாயிற்று. போன வருடம் சபையில் அவனுக்கு எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அன்றோடு குடியை நிறுத்தினான். மறுநாள் ராத்திரி வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். எங்கள் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று ஒரு ஊழியர் சொன்னார். அதற்குப் பிறகு ஆறு மாதமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. சொன்னதையே சொல்வது வீண்வார்த்தை அலப்புவது ஆகாதா? ஆண்டவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாமா? அம்மா மட்டும் ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவன் பேரைச் சொல்லி அழுவார்கள். அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. தம்பிக்கு வலிப்பு வந்தது யாருடைய விசுவாசக் குறைவாலும் அல்ல. மது மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன்னை முடுக்கிவைத்துக்கொள்ளும். குடியைத் திடீரென்று நிறுத்தினால் மந்தம் விலகி முடுக்கம் மட்டும் மிஞ்சும். முதலில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் அடிக்கும், வீட்டு ஆளையே அடையாளம் தெரியாது. இதைப் பிசாசின் வேலை என்று நினைத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டால் உயிர் போகலாம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வரக்கூடிய வாய்ப்பு அதிகம். ஆகவே அடுத்த தடவை தம்பி "விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் நாளில் முதலில் ஜெபக்கூட்டத்துக்கு அல்ல, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ குடிநோய்க்குச் சிகிச்சை தரும் வேறு இடத்துக்கோ அழைத்துப் போங்கள். சில நாட்கள் மருந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் போட்டு அந்தக் கட்டத்தைக் கடத்திவிடுவார்கள்.

மருத்துவரிடம் போவது ஜெபத்தைக் கைவிடுவதாகாதா என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். எசேக்கியா ராஜா சுவரின் பக்கமாய்த் திரும்பி அழுது ஜெபித்தபோது, ஏசாயா நடுமுற்றத்தைத் தாண்டும் முன்பே பதில் வந்துவிட்டது: இன்னும் 15 வருட ஆயுசு. பதிலைச் சொன்ன அதே ஏசாயாதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதை ராஜாவின் பிளவையின்மேல் போட வைத்தார். வாக்குத்தத்தம் வந்த பிறகும் மருந்து வேண்டியிருந்தது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

விசுவாசக் குறைவு என்ற அந்த வார்த்தை உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் பிள்ளைக்காக வந்த தகப்பன் என்ன சொன்னான்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றான். தனக்குள் அவிசுவாசம் இருக்கிறது என்று வாய்விட்டு ஒத்துக்கொண்டவனுக்கு, போய் விசுவாசத்தை நிரப்பிக்கொண்டு வா என்ற பதில் கிடைக்கவில்லை. பிள்ளை அங்கேயே குணமானான். அதே அதிகாரத்தில் கண்டிக்கப்பட்டவர்கள் அந்தத் தகப்பனைச் சுற்றி நின்றவர்களும், குணமாக்க முடியாமல் போன சீஷர்களும்தான். துன்பத்தில் இருக்கும் குடும்பத்தின் மேலேயே பழியைத் திருப்பிவிடுகிற ஊழியர்கள் இந்த அதிகாரத்தை இன்னொரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

சொன்னதையே சொல்வது பற்றி. மத்தேயு 6:7-இல் இயேசு குற்றமாகச் சொல்வது "அதிக வசனிப்பினால்" கேட்கப்படும் என்ற நினைப்பை. எண்ணிக்கையைக் கூட்டினால் கடவுள் இணங்குவார் என்ற கணக்கு அது. அதை விலக்கியவரே கெத்செமனேயில் மூன்றாம் தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. புதிய வாக்கியம் தேட வேண்டிய தேவை அவருக்கே இருக்கவில்லை. உங்களுக்கும் இல்லை.

விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியும் வருகிற உவமையைத்தான் இந்த விஷயத்தில் எல்லோரும் எடுப்பார்கள். அது பெரும்பாலும் தப்பாகச் சொல்லப்படுகிறது. விடாமல் நச்சரித்தால் கடவுளும் அந்த நியாயாதிபதியைப் போல அலுத்துப்போய்க் கொடுப்பார் என்று பிரசங்கம் செய்கிறார்கள். "அலட்டாதபடி" என்று நம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில் கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துவது, குத்துச்சண்டைச் சொல். தனக்காகப் பேச ஆள் இல்லாத ஒரு விதவை, தினமும் வந்து நிற்பது ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு ஒரு நியாயாதிபதியைத் திணறடிக்கிறாள். இப்படிப்பட்டவனே நியாயம் செய்வான் என்றால், இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களுக்குத் தேவன் செய்யாமல் இருப்பாரா என்று இயேசு கேட்கிறார். ஒப்புமையாக அல்ல, நேர் எதிராகத்தான் அந்த நியாயாதிபதியை அவர் நிறுத்துகிறார். கடவுளை அலுக்கவைக்கும் அளவுக்கு நாம் இன்னும் ஜெபிக்கவில்லையோ என்ற பயத்தை இந்த உவமையிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆண்டவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டாரா? வேதத்தில் மறுப்பு உண்டு. அது வரும்போது கேட்டவருக்கு மறுப்பு என்றே தெரிகிறது. யோர்தானைக் கடக்கக் கேட்ட மோசேக்கு "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்று சொல்லப்பட்டது. தன் சரீரத்தில் முள்ளாக இருந்த உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கு "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் நிறுத்தினார். தாவீது பிள்ளைக்காக ஏழு நாள் உபவாசித்தார். பிள்ளை இறந்தபின் எழுந்து குளித்து, பணிந்துகொண்டு, சாப்பிட்டார். தம்பியோ உயிரோடு இருக்கிறான், உங்களுக்கும் அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. மௌனம் மட்டும்தான் இருக்கிறது. மௌனத்தை மறுப்பாக மொழிபெயர்க்க வேண்டாம்.

அந்த மௌனத்துக்குள் என்ன நடந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு மோனிக்காவின் கதையைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியாது. வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே ஊரைச் சேர்ந்த தாய் அவர். மகன் அகுஸ்தீன் 19 வயதில் மானிக்கேயர் என்ற வேறு மதக் கூட்டத்தில் சேர்ந்து ஏறத்தாழ ஒன்பது வருடம் அதிலேயே இருந்தார். (நீங்கள் ஒன்பது வருடம் என்று எழுதியதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.) மகனோடு பேசி அவனைத் திருத்தும்படி ஓர் ஆயரிடம் போய் மோனிக்கா கெஞ்சினார். அந்த ஆயரும் சிறுவயதில் மானிக்கேயராக வளர்ந்தவர்தான். அவர் மறுத்துவிட்டார். அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காக ஆண்டவரிடம் மட்டும் மன்றாடு என்றார். மோனிக்கா விடாமல் அழவே, இத்தனை கண்ணீருக்குச் சொந்தமான மகன் அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

இதற்குப் பிறகு கி.பி. 383-இல் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். அகுஸ்தீன் ரோமுக்குக் கப்பலேறத் தீர்மானித்தார். ரோமுக்குப் போனால் மகன் கைவிட்டுப் போய்விடுவான் என்று தாய்க்குப் பயம். கார்த்தேஜ் கடற்கரை வரை பின்தொடர்ந்தார். மகன் பொய் சொல்லி அவரைப் பக்கத்தில் இருந்த சிப்ரியான் ஆலயத்தில் தங்கவைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறிவிட்டார். அந்த ராத்திரி முழுவதும் மோனிக்கா செய்த ஜெபம், மகன் கப்பலேறக் கூடாது என்பதுதான். காலையில் கப்பல் இல்லை. கேட்டதற்கு நேர் எதிராக நடந்திருந்தது. ஆனால் அந்தப் பயணம் ரோம் வழியாக மிலானுக்குப் போய், ஆயர் அம்புரோஸின் பிரசங்கத்தின் முன்னால் அகுஸ்தீனை உட்கார வைத்தது. 386-இல் மனம் திரும்பினார். 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம். அதே வருடம் ஒஸ்தியா துறைமுகத்தில் 56 வயதில் மோனிக்கா இறந்தார், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பின்னாளில் அகுஸ்தீனே இதைத் திரும்பிப் பார்த்து, தாய் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே அன்று கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை என்று எழுதினார்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி, தம்பிக்காக எப்போதும் கேட்பது என்ன. இரண்டாம் வரி, அது எந்த வழியில் நடக்கும் என்று நினைத்திருந்தீர்கள். உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால் முதல் வரி "தம்பி பிழைக்க வேண்டும்", இரண்டாம் வரி "எண்ணெய் பூசிய அன்றோடு ஒரேயடியாக விட்டுவிட வேண்டும்". போன வருடம் நிறைவேறாமல் போனது இரண்டாவது. முதலாவதற்கு இன்னும் பதில் வரவில்லை, அவ்வளவுதான். தேதி போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் வேண்டாம். தினமும் பார்த்தால் ஜெபம் கணக்குப் பார்க்கிற வேலையாகிவிடும்.

வார்த்தை வராத ஆறு மாதத்துக்கு வருகிறேன். இதில் எனக்குத் தெரிந்த மிக நடைமுறையான வழிகாட்டி, கத்தோலிக்க இயேசு சபையைத் தொடங்கிய 16-ஆம் நூற்றாண்டு இஞ்ஞாசியார். உங்கள் சபைக்கு அவர் அந்நியர் என்றாலும் கேளுங்கள். வறட்சிக் காலத்தில் மாற்றம் எதுவும் செய்யாதே, வறட்சிக்கு முன் எடுத்த தீர்மானத்தில் நில் என்பது அவருடைய விதி. சோர்ந்த மனது தரும் ஆலோசனையை நம்பக் கூடாது என்பது அதன் காரணம். நிறுத்திவிடலாமா என்ற உங்கள் கேள்வி சோர்விலிருந்து வந்திருக்கிறது. அதற்கான முடிவை இப்போது எடுக்காதீர்கள். புதிய பொருத்தனையும் இப்போது வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறார்: வறட்சியில் ஜெபிப்பவர் குறித்த நேரம் முடிவதற்குள் எழுந்துவிடத் துடிப்பார், அப்போது குறித்ததைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும் என்கிறார். முழு இரவு ஜெபத்தை விட்டுவிட்டு, காலையில் 15 நிமிடம் குறியுங்கள். 16-ஆவது நிமிடத்தில் எழுந்திருங்கள். ஒரு மணி நேரம் குறித்து மூன்றாம் நாளே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

அந்த 15 நிமிடத்துக்கு 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது, அது முறையீடு. மூன்றும் நான்கும் விண்ணப்பம். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. உங்கள் வார்த்தை வராவிட்டால் அதை அப்படியே சத்தமாக வாசியுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு பகுதியிலும் உங்களுடைய ஒரு வாக்கியத்தைச் சேருங்கள். முறையீட்டில் கூச்சப்படாமல் ஒன்பது வருடம் என்று சொல்லுங்கள். கடைசிப் பகுதிக்கு மனது வராத நாளில் அதை விட்டுவிட்டு 88-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அது நம்பிக்கைப் பக்கம் திரும்பாமல் இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கும் ஜெபம்தான்.

உபவாசம் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்காதீர்கள். சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேர் மனந்திரும்ப ஜெபிக்கத் தொடங்கினார். 18 மாதத்தில் ஒருவர், அதன்பின் ஐந்து வருடம் கழித்து இரண்டாமவர், இன்னும் ஆறு வருடம் கழித்து மூன்றாமவர். 36 வருடம் ஆனபோதும் மற்ற இருவரிடம் மாற்றம் இல்லை; அவர் அவர்களுக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஜெபத்துக்கு உடனுக்குடன் பதில் பெற்றவர் என்று நாம் கொண்டாடும் மனிதரின் ஏடும் இப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் இந்த இருவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கக் கஷ்டமாக இருந்தால் சில வாரம் வெளியே நின்றுவிட்டு, அது முடிந்ததும் உள்ளே வாருங்கள். தவறில்லை.

கடைசியாக அம்மா. அவர்கள் கண்ணீரில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குடும்ப ஜெபத்தில் தன் பேரைச் சொல்லி அழும்போது தம்பியின் காதில் விழுவது ஜெபம் அல்ல, கண்கள் மூடியபடி சொல்லப்படுகிற கண்டிப்பு. அதனால்தான் எழுந்து போகிறான். மோனிக்காவிடம் அந்த ஆயர் சொன்னதை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அவனுக்கான மன்றாட்டை அம்மாவும் நீங்களும் தனியறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அவன் இருக்கும்போது ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், அன்றைய சாப்பாட்டுக்கும் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஸ்தோத்திரம். ஐந்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். ஸ்தோத்திரம் சொல்லும்போது மற்றவர்களோடு சேர்த்து அவன் பேரையும் சொல்லுங்கள், குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல். குடிப்பவர்களின் வீட்டாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. போய்வர முடிகிற தூரத்தில் இருந்தால் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அந்த ஐந்து நிமிடம் முழுவதும் அவன் உட்கார்ந்திருந்த முதல் ராத்திரியை நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.