வாசகர் கேள்வி – பதில்: கட்டிய வீட்டின் வெக்கையும் மின்கட்டணமும்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): எங்களுடையது 18 ஆண்டுகளுக்கு முன் கட்டிய, மாடி எடுக்காத கான்கிரீட் வீடு. மேலே தட்டோடு பதிக்கவில்லை. மாசி முடிந்தாலே நடு இரவு வரை மின்விசிறி அனலைத்தான் இறக்குகிறது. ஏசி வாங்குவதா, ஃபால்ஸ் சீலிங் போடுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டையும் ஒத்திவைத்துவிட்டு முதலில் மொட்டைமாடியைக் கவனியுங்கள். நெல்லைச் சீமை ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை பிறப்பதையொட்டி ஒருமுறையும் ஆவணி நடுவில் மறுமுறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு வெகுவாக விலகுவதில்லை. ஆகவே தனித்து நிற்கும் ஒற்றைத் தள வீட்டில் எந்தச் சுவரையும்விடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது. பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைக் கான்கிரீட் தன்னுள் சேர்த்துவைத்து, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. ஐயம் இருந்தால் இன்றிரவு 9 மணிக்கு ஸ்டூலில் ஏறி உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். பின்பு மேற்குச் சுவரையும், அதன்பின் கிழக்குச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். எந்த இடத்துக்கு முதலில் பணம் செலவிட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புதிய குடியிருப்புகளுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதிகள், கூரை வழியே கடத்தப்படும் வெப்பத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. மேலே எந்தக் காப்பும் இல்லாத வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும். உங்கள் வீட்டின் நிலை இதுதான்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் விரிசல்களை அடைத்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரிசெய்து, மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். ஈரம் புகுந்துவிட்டால் அதன்மேல் எந்தக் காப்பைப் போட்டாலும் வெப்பத்தை உரியபடி தடுக்காது. அடுத்து வெள்ளை பூசுங்கள். கறுத்துப்போன சிமெண்ட் தளம் கோடை நண்பகலில் 60 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். தூய வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடித்தால் செலவு மிகக் குறைவு, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துவிடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்பும் ‘கூல் ரூஃப்’ பெயிண்ட் பல ஆண்டுகள் தாங்கும். எனினும் தூசி படிந்தால் அதன் பயன் குறைவதால் கோடை தொடங்கும் முன் ஒருமுறை கழுவிவிடுவது அவசியம்.

கையில் பணம் இருந்தால், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு மேலே வெள்ளை நிற ஓடு பதிக்கலாம். காருகுறிச்சி மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி இடைவெளியை நிரப்பும் முறையும் நல்லதே, பானைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் 4 அங்குலச் சுண்ணாம்புத் தளம் ஒரு சதுர அடிக்கு 15 கிலோவுக்கு மேல் எடை ஏற்றும் என்பதால், பொறியாளரிடம் காட்டாமல் பழைய தளத்தின்மேல் இவற்றைச் செய்யாதீர்கள். தை, மாசியே இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

ஃபால்ஸ் சீலிங்கை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம், வெப்பம் தளத்துக்குள் இறங்கிய பிறகே அது தடுக்கத் தொடங்குகிறது என்பதுதான். போதாக்குறைக்கு, சூடான காற்று வெளியேறும் வென்டிலேட்டரையும் பல வீடுகளில் அது மறைத்துவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு ஏசி தேவைப்பட்டால் வாங்குங்கள், தவறில்லை. 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஏசியில் ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி வாசகர்): அக்கிரகாரத்தில் எங்கள் பூர்வீக வீடு. குரங்குத் தொல்லைக்காகவும் மழைக்காகவும் முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட் போட்டோம். அன்றிலிருந்து பட்டாசாலையில் (முற்றத்தை ஒட்டிய கூடத்தில்) உட்கார முடியவில்லை. ஷீட்டை எடுத்துவிட வேண்டியதுதானா?

பதில்: எடுக்க வேண்டாம், உயர்த்துங்கள். இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர்களோடு ஒட்டி நீளவாக்கில் போகும் இவ்வகை வீட்டுக்கு வாசலும் புறவாசலும் போக, மூச்சு விட இருக்கும் ஒரே வழி முற்றந்தான். உள்ளே சூடேறும் காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து போக, அந்த இடத்துக்குத் தெருப்பக்கத்துக் காற்று வந்து சேர்கிறது. ஷீட்டைச் சுற்றுச்சுவரோடு ஒட்டிப் பொருத்தியதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. வெளிச்சத்தோடு வெயிலின் வெப்பமும் உள்ளே இறங்கி வெளியேற இடமில்லாமல் தங்கிவிடுகிறது. இரும்புச் சட்டத்தைச் சுவருக்கு மேல் ஒன்றரை அடியாவது தூக்கி, நான்கு பக்கமும் கம்பிவலை அடித்து, சாரல் உள்ளே வராதபடி ஷீட்டின் விளிம்பை வெளியே நீட்டிவிடுங்கள். குரங்கும் வராது, காற்றும் நிற்காது. கோடையில் மட்டும் ஷீட்டின்மேல் பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள்: பழைய சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும். நல்ல நிலையில் இருந்த எத்தனையோ சுவர்கள் இந்தப் ‘புதுப்பித்தலால்’ பொரிந்து உதிர்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மேற்குப் பக்கம் சன்னல் இருந்தால் அதை நிரந்தரமாக அடைத்துவிட வேண்டாம். மாலை வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டி, பொழுது அடைந்ததும் சுருட்டிவிடுங்கள். திரைச்சீலையை உள்ளே தொங்கவிடுவதால் பெரிய பயன் இல்லை, ஏனெனில் வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும்.

கேள்வி (முக்கூடல் வாசகி): அம்மா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்குள் பகல் முழுவதும் பீடி சுற்றுகிறார். அதிகச் செலவு செய்ய வசதியில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. ஷீட் மெல்லியது என்பதால் வெயில் ஏறிய சிறிது நேரத்திலேயே உள்ளேயும் அனலடிக்கும். மேலே வெள்ளை அடிப்பதோடு, ஷீட்டுக்குக் கீழே அரையடி இடைவெளி விட்டுப் பனையோலைப் பாயைக் கட்டி, இரண்டு முனைகளையும் காற்றுப் போகத் திறந்துவிடுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் பாய் வேண்டாம். ஷீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ துளையிடவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. யாரும் ஷீட்டின்மேல் கால்வைக்கவும் கூடாது, உடைந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. விளிம்பில் ஏணி சாத்தி, நீண்ட பிடியுள்ள உருளையால் பூசச் சொல்லுங்கள்.

கேள்வி (பேட்டை வாசகர்): இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் வருகிறது. உடனே சோலார் போட்டுவிடலாமா?

பதில்: அதற்கு முன் மின்விசிறிகளை மாற்றுங்கள். பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட) விசிறி 30 வாட்டை ஒட்டி இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். மூன்று விசிறிகளை மாற்றினால் 120 யூனிட் குறைந்து 440-க்கு வந்துவிடுவீர்கள். 500 யூனிட்டைத் தாண்டுபவர்களுக்குக் கீழ் அடுக்கின் குறைந்த கட்டணமும் கிடைப்பதில்லை என்பதால், இந்தக் குறைவு ரசீதில் நன்றாகவே தெரியும். அதன்பின் சோலார் போட்டால் சிறிய அளவே போதுமானதாக இருக்கும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. சோலார் பலகைகள் தளத்துக்கு நிழலும் தரும். ஆனால் விரிசல் அடைப்பதையும் வெள்ளை பூசுவதையும் அவற்றைப் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பின்பு அடியில் கை நுழையாது.