வோல்ட் காட்டுகிறது, விளக்கு எரியவில்லையே?

கேள்வி: கழிவுநீரில் உள்ள பாக்டீரியாவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் செல் (நுண்ணுயிர் எரிபொருள் கலம்) செய்து பார்க்கிறேன். கழிவுநீர் நிரப்பிய டப்பாவின் அடியில் ஒரு கார்பன் ஃபெல்ட் (கார்பன் இழைத் துணி) துண்டு, மேலே காற்றுப்பட மிதக்கும் இன்னொரு துண்டு. இரண்டிலும் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) கட்டினேன். முதல் நாளே மல்டிமீட்டர் 0.7 வோல்ட் காட்டியது. எல்.இ.டி. எரியவில்லை. ஐந்து டப்பாக்களைத் தொடராக இணைத்தால் ஒன்று மைனஸ் காட்டுகிறது. ஏன்?

பதில்: முதல் நாளே 0.7 வோல்ட் என்பதுதான் இடிக்கிறது. மின்சாரம் தரும் பாக்டீரியா ஃபெல்ட்டில் படலமாகப் படிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். நீங்கள் பார்த்தது, தண்ணீருக்குள் இருக்கும் ஜி.ஐ. கம்பியின் துத்தநாகப் பூச்சு கரைவதால் வந்த மின்னழுத்தமாக இருக்கலாம். பாக்டீரியா சாகும்படி கொதிக்கவைத்து ஆறவைத்த கழிவுநீரில் இதே அமைப்பை வையுங்கள். அங்கும் உடனே வோல்ட் வந்தால் அது கம்பியின் வேலைதான். டைட்டானியம் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்கு மாறுங்கள். செம்பு வேண்டாம், கரைந்தால் பாக்டீரியாவுக்கே விஷம்.

பிறகு ஆனோடுக்கும் (அடித் துண்டு) கேத்தோடுக்கும் (மேல் துண்டு) நடுவே 1000 ஓம் ரெசிஸ்டரை இணைத்து அப்படியே விட்டுவிடுங்கள். எதையும் இணைக்காமல் திறந்த சுற்றில் வைத்தால் எலக்ட்ரானுக்குப் போக வழியில்லை. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள்தான் பெருகும். மேல் துண்டின் அடிப்பக்கம் மட்டும் நனைந்திருக்க வேண்டும். முழுகிப்போனால் ஆக்சிஜன் கிடைக்காமல் கேத்தோடு படுத்துவிடும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

ரெசிஸ்டரின் குறுக்கே 0.4 வோல்ட் நிலையாக நின்றால் மின்னோட்டம் 0.4 மில்லி ஆம்பியர், திறன் 0.16 மில்லி வாட். சிவப்பு எல்.இ.டி.க்கே சுமார் 1.8 வோல்ட் வேண்டும். தொடர் இணைப்பில் எல்லா செல் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். உணவு தீர்ந்த செல்லால் அதைத் தர முடியாது. மற்றவை தள்ளும் தள்ளலில் அதன் துருவம் புரண்டுவிடும். அதனால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனிக் கெபாசிட்டரில் சார்ஜ் செய்து, செல்களைக் கழற்றிவிட்டு, கெபாசிட்டர்களை மட்டும் தொடராக இணையுங்கள். ஐந்தும் 0.4 வோல்ட்டுக்கு ஏறியிருந்தால் 2 வோல்ட். விளக்கு ஒரு கணம் மின்னும், அவ்வளவுதான்.

கேள்வி: தண்ணீர் தெளிந்துவிட்டது. அழுக்கு முழுவதும் மின்சாரமாகிவிட்டதா?

பதில்: இல்லை. தண்ணீரிலுள்ள அழுக்கை, அதை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜனின் அளவால் சொல்வதுதான் சி.ஓ.டி. ஒரு கிராம் சி.ஓ.டி. முழுவதும் மின்சாரமானால் சுமார் 12,000 கூலோம் (மின்னூட்டத்தின் அலகு) கிடைக்க வேண்டும். 0.4 மில்லி ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் 35 கூலோம்தான். அதாவது வெறும் 3 மில்லிகிராம் சி.ஓ.டி. மீதி அழுக்கை மேலிருந்து கசியும் ஆக்சிஜனும் மீத்தேன் நுண்ணுயிர்களும் தின்றிருக்கும், கொஞ்சம் அடியில் வண்டலாகவும் தங்கியிருக்கும். தெளிவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் சி.ஓ.டி. சோதனை செய்யுங்கள்.