போர் ஆப்கன் வீடுகளுக்குள் எப்படிப் புகுந்தது?

போர் ஆப்கன் மக்களின் அன்றாட வாழ்க்கைக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கு நெய்யப்பட்ட கம்பளங்களே அதற்கு நேரடிச் சான்று. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்த பிறகு, தலைமுறைகளாகப் பூக்களையும் கட்டங்களையும் முடிச்சிட்டுவந்த பலூச் இன நெசவாளர்கள், டாங்கி, ஹெலிகாப்டர், கலாஷ்னிக்கோவ் துப்பாக்கி ஆகியவற்றையும் நெய்யத் தொடங்கினார்கள். சிலவற்றில் பூ எது, கையெறிகுண்டு எது என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பின்னாளில் வியாபாரத்துக்காகவும் இவை நெய்யப்பட்டன. ஆனாலும் முதலில் கண்ணில் பட்டதே தறியில் ஏறியது என்று நம்புகிறேன். 1992 முதல் 1996 வரை காபூலில் ஆயுதக் குழுக்கள் ராக்கெட் வீசி மோதிய காலத்தில், உடைந்த ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மக்கள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அடுத்து வந்த தாலிபான் ஆட்சி பெண்கள் பள்ளிகளை மூடியபோது, ஆசிரியைகள் பலர் தங்கள் வீட்டு அறைகளிலேயே சிறுமிகளுக்கு ரகசியமாகப் பாடம் நடத்தினார்கள்.