ரொபர்ட்டோவின் கார்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடங்களாகப் பிட்ஸ்பர்கில் இருக்கிறேன். வரும் ஜூனில் குடும்பத்தோடு கோவைக்கே திரும்புகிறோம். வீட்டைக் காலி செய்கையில் ஒரு பொருளை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். குளிர்காலத்தில் அவர் வாசல் பனியை நான் தள்ளிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி இட்லி கொடுத்தனுப்புவாள். ஆபீஸில் என் பெயரை 'சாம்' என்று சுருக்கிவிட்டார்கள். அவர் மட்டும் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பார்த்து முழுப் பெயரையும் கற்றுக்கொண்டார்.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு என்னைக் கூப்பிட்டு, விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட ஒரு பேஸ்பால் கார்டைக் கையில் வைத்தார். 1955இல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்டது, பிட்ஸ்பர்க் அணியின் பேஸ்பால் வீரர் ரொபர்ட்டோ கிளமென்டேயின் முதல் கார்டு. சிறுவனாக இருந்தபோது பபிள்கம் பாக்கெட்டில் வந்ததாம். 1973 புத்தாண்டு அன்று கிளமென்டே இறந்த செய்தி கேட்டு, அதைச் சமையலறைச் சுவரில் குண்டூசியால் குத்திவைத்தாராம். மேலே அந்தத் துளை இருக்கிறது. ஒரு மூலை மடிந்திருக்கிறது.

கடைக்காரர் ஒருவர் 1,800 டாலர் தருவதாகச் சொல்கிறார். துளையும் மடிப்பும் இல்லாவிட்டால் பல மடங்கு கிடைத்திருக்குமாம். "ஊருக்குப் போனால் இது வெறும் அட்டை, இங்கேயே விற்றுவிடுங்கள்" என்கிறாள் மனைவி. அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இரண்டு முறை கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். பெரியவருக்கு ஒஹாயோவில் ஒரு மகள் இருக்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., பிட்ஸ்பர்க்

அன்புள்ள ச.,

விற்காதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் மனைவி சொல்வதில் உள்ள உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கார்டுக்கு விலை அமெரிக்காவில்தான். கோவையில் இருந்துகொண்டு இதை விற்பது பெரும்பாடு. ஆகவே முடிவை ஜூனுக்குள் எடுத்தாக வேண்டும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

அந்த 1,800 டாலரும் முழுசாக உங்களுக்கு வராது. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே தந்துவிட்டதால், அமெரிக்க வரிச் சட்டப்படி அவர் அன்றைக்குக் கொடுத்த சில சென்டுகள்தான் உங்களுக்கும் அசல், மீதி எல்லாம் லாபக் கணக்கு. உயில் வழியாக வந்திருந்தால் அவர் இறந்த நாளின் சந்தை மதிப்பு அசலாகியிருக்கும். சேகரிப்புப் பொருள்களில் வரும் நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி உண்டு. ஏலத்துக்குப் போனால் தரகு வேறு.

இனி கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் ஏமாற்றவில்லை. அந்தச் சந்தையின் கணக்கே அப்படித்தான். நான்கு மூலைகளும் கூர்மையாக இருக்கின்றனவா, படம் நட்டநடுவில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஒட்டிக் கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. குண்டூசி இறங்கிய கார்டு அந்த ஏணியின் அடிப்படியில்தான் நிற்கும். 1952இல் டாப்ஸ் வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் மதிப்பெண் 9.5. 1952ஆம் வருடக் கார்டுகளில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்களாம். கடைக்குப் போன மற்ற கார்டுகளைப் பையன்கள் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி ஓட்டினார்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். இத்தனைக்கும் தப்பி, எந்தக் குழந்தையின் கையும் அதிகம் படாமல் கிடந்ததற்குத்தான் அவ்வளவு விலை.

உங்களிடம் இருப்பதோ ஒருவர் கைபட்டுக் கைபட்டு வந்த கார்டு. அவர் குத்திய துளைக்காகத்தான் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். உங்களுக்கு அவர் தந்தது அந்தத் துளையையும் சேர்த்துத்தான்.

அந்தத் துளை எந்த நாளில் விழுந்தது என்று பாருங்கள். 1972 டிசம்பர் 23 அன்று நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் பெரும் நிலநடுக்கம். கிளமென்டே போர்ட்டோ ரிக்கோவில் நிவாரணப் பொருள் திரட்டி அனுப்பினார். அனுப்பியவை மக்களிடம் போய்ச் சேராமல் அந்நாட்டு ராணுவத்தின் கையில் சிக்குவதாகச் செய்தி வந்தது. நேரில் போய் நின்றால்தான் சரியாகும் என்று டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய ஒரு பழைய விமானத்தில் தானே ஏறினார். கிளம்பிய சற்று நேரத்தில் அது கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. வயது 38. அதற்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 30 அன்று, பிட்ஸ்பர்கில் வைத்துத்தான் தன் 3,000ஆவது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஓடி ஒரு தளத்தைப் பிடிப்பது) அடித்திருந்தார். விளையாடிய 18 வருடங்களும் அந்த ஒரே ஊரின் அணிக்குத்தான். புத்தாண்டுக் காலையில் ஓர் இரும்பாலைத் தொழிலாளி பழைய பெட்டியைத் திறந்து, சிறுவயதுக் கார்டைத் தேடி எடுத்துச் சுவரில் குத்திவைத்தது அந்தச் செய்தியைக் கேட்டுத்தான். நம் ஊரில் படத்துக்கு மாலை போடுவோமே, அதுதான் அது.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் மனம் நின்றுவிட்டது. கார்டை எடுத்துப் பாருங்கள். 'ரொபர்ட்டோ' என்று முழுப் பெயர் அச்சாகியிருக்கும். பிறகு வந்த கார்டுகளில் பல வருடங்கள் அதே கம்பெனி அவர் பெயரை 'பாப்' என்று சுருக்கிவிட்டது. வானொலியிலும் பத்திரிகைகளிலும் பெரும்பாலும் பாப் தான். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஸ்பானிஷ் பேசும் கறுப்பின இளைஞராக அந்த ஊருக்கு வந்து, தன் பெயருக்காகவே வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர். உங்கள் பெயரை ஒரு வாரம் பயிற்சி எடுத்துச் சொன்ன மனிதர், தன்னிடமிருந்த எத்தனையோ பொருள்களில் இந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்து உங்களுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் எதை நினைத்துக் கொடுத்தார் என்று நான் சொல்ல முடியாது. நீங்கள் யோசித்துப் பார்க்கலாம்.

என் அப்பா தபால்தலை சேர்த்தவர். அவர் போன மறுவருடம் ஆல்பத்தை ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனேன். தபால்தலைகளை மட்டும் கவனமாக உரித்து எடுத்துக்கொண்டு, ஆல்பத்தைத் திருப்பித் தந்தார். ஒவ்வொரு தபால்தலைக்கும் கீழே, யார் கடிதத்தோடு வந்தது, எந்தத் தேதி என்று அப்பா பென்சிலில் குறித்திருந்தார். வெற்று ஆல்பம்தானே என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். போன தபால்தலைகளைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்தப் பென்சில் எழுத்தை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பால்டிமோரைச் சேர்ந்த நோத்ர தாம் கன்னியர் சபைக்கு, அச்சபையின் காலஞ்சென்ற கன்னியர் ஒருவரின் அண்ணனோ தம்பியோ, ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்பால் வீரரின் மிக அரிதான கார்டை எழுதிவைத்தார். 2010இல் அது 2,62,000 டாலருக்கு ஏலம் போனது. சபையின் கைக்கு வந்தது 2,20,000. ஏழைகளுக்காகச் செலவிட்டார்கள். விற்கத்தான் வேண்டும், விற்றார்கள். உங்கள் கடிதத்தில் பணமுடை பற்றி ஒரு வரிகூட இல்லை. கடை வாசலில் இருந்து இரண்டு முறை திரும்பியதுதான் இருக்கிறது.

ஆனால் வைத்துக்கொள்வதற்கு முன்னும் ஒரு காரியம் பாக்கி. அந்த மகளுக்கு போன் செய்யுங்கள். அப்பா கார்டை யாருக்குக் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியுமா? அந்தச் சமையலறைச் சுவரில் அது இருந்தபோது அவர் குழந்தையாக அதைப் பார்த்து வளர்ந்திருக்கலாம். சட்டப்படி கார்டு உங்களுடையது. ஆனாலும் அவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், விலை பேசாமல். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றால், அந்தச் சுவரைப் பற்றி அவருக்கு நினைவிருப்பதை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கோவைக்குக் கொண்டுபோவதானால் மெல்லிய உறையில் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, கைப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். நம்மவர்கள் எதைக் கண்டாலும் லேமினேட் செய்துவிடுவார்கள், செய்யவே கூடாது. கன்னியரின் வாக்னர் கார்டையும் யாரோ ஓரம் வெட்டி லேமினேட் செய்துதான் வைத்திருந்தார்கள். வெயில் படும் சுவரும் வேண்டாம், இராமபாணப் பூச்சி ஏறும் பழைய புத்தக அலமாரியும் வேண்டாம். மடிந்த மூலையை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கூடவே ஒரு தாளில் பெரியவரின் பெயரை, அவர் உங்கள் பெயரைச் சொன்னதுபோல முழுதாக எழுதி வையுங்கள்.

மகளிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.