கேள்வி – பதில்: புதிய கைப்பேசியோடு முதல் சில வாரங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் தீபாவளிக்கு வந்தபோது ஒரு புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கித் தந்தான். மூன்று வாரமாகப் பயன்படுத்துகிறேன். தமிழ் நன்றாகத் தெரிகிறது. ஆனால் பழைய கைப்பேசியில் பர்மிய மொழியில் பதிந்து வைத்திருந்த பால்காரர், மருந்துக்கடை, குடியிருப்பவர் பெயர்கள் எல்லாம் உடைந்துபோய், நடுநடுவே புள்ளிகளால் ஆன வட்டங்களோடு வருகின்றன. தமிழில் செய்தி எழுதவும் தெரியவில்லை. கைப்பேசி பழுதாக இருக்குமோ?
– ஒரு வாசகி, தன்லின்

பதில்: அம்மா, கைப்பேசியில் பழுது ஏதும் இல்லை, கலங்க வேண்டாம். நம் மியான்மர் நாட்டில் பர்மிய மொழி பல ஆண்டுகளாக இரண்டு விதமாகக் கணினியில் எழுதப்பட்டு வந்தது. ஒன்று ஸோஜி என்னும் எழுத்துரு முறை, மற்றொன்று உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட யூனிகோட் முறை. உங்கள் பழைய கைப்பேசி ஸோஜி முறையில் பெயர்களைச் சேமித்திருக்கிறது. புதியது அவற்றை யூனிகோட் என்று எண்ணிப் படிக்கிறது. அதனால்தான் உடைகின்றன.

இதைத் தமிழை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். ‘கெ’ என்று எழுதும்போது தாளில் கொம்பை முதலில் போட்டுப் பிறகுதான் ககரத்தை எழுதுகிறோம். ஆனால் யூனிகோட் முறையில் கைப்பேசியின் நினைவில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே இருக்கும். திரையில் காட்டும்போதுதான் கொம்பு இடப்பக்கம் நகர்கிறது. பர்மிய மொழியிலும் ஏகார ஒலிக்கு இடப்பக்கம் போடும் குறி ஒன்று உண்டு. யூனிகோட் அதை மெய்யெழுத்துக்குப் பின்னால் வைக்கிறது. ஸோஜியோ கையால் எழுதும் வரிசைப்படி முன்னாலேயே வைத்துவிடுகிறது. இப்படி முன்பின் மாறி வந்த குறிக்குச் சேர வேண்டிய எழுத்து கிடைக்காதபோது, அந்த இடத்தில் கைப்பேசி ஒரு புள்ளிவட்டத்தைக் காட்டுகிறது. நீங்கள் பார்க்கும் வட்டங்கள் அவைதாம். தமிழ்ப் பெயர்கள் தப்பியதற்குக் காரணம், கைப்பேசிகளில் தமிழுக்கு யூனிகோட் ஒன்றே வழக்கத்தில் இருப்பது.

2019 அக்டோபர் 1 அன்று அரசு அலுவலகங்களும் நாட்டின் முக்கிய நிறுவனங்களும் யூனிகோடுக்கு மாறின; இப்போது விற்கப்படும் கைப்பேசிகளும் யூனிகோடையே பின்பற்றுகின்றன. ஆகவே, கடைக்காரர் யாராவது ஸோஜி எழுத்துருவை ஏற்றித் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய பெயர்கள் சரியாகத் தெரியத் தொடங்கலாம், ஆனால் இன்று பிறர் அனுப்பும் செய்திகள் உடையத் தொடங்கும். ஸோஜியை யூனிகோடாக மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன என்றாலும், நாற்பது ஐம்பது பெயர்களுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் தொடர்புப் பட்டியல் முழுவதையும் முன்பின் தெரியாத ஒரு செயலியிடம் ஒப்படைப்பதைவிட, ஒரு மாலைப்பொழுது பழைய கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் திருத்துவது நல்லது. பர்மிய மொழியில்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை; ‘பால்காரர்’ என்று தமிழிலேயே எழுதி வைத்தாலும் அழைப்பு போகும். திருத்திய பெயரைச் சேமிக்கும்போது சிம் அட்டையில் சேமிக்காமல் கூகுள் கணக்கில் சேமியுங்கள். சிம் அட்டையில் பெரும்பாலும் 250 பெயர்கள்தான் கொள்ளும், நீளமான பெயர்கள் அறுபடும், அட்டை தொலைந்தால் எல்லாமே போய்விடும்.

தமிழில் எழுதுவதற்கு, கூகுள் விசைப்பலகையின் அமைப்புகளில் மொழிகள் என்னும் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழெழுத்துகளே உள்ள பலகையும் உண்டு, ஆங்கில எழுத்துகளில் ஒலிப்பை அடித்தால் தமிழாக மாற்றித் தரும் பலகையும் உண்டு. தமிழ்ப் பள்ளியில் படித்து ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாதவர்களுக்கு முதலாவதே எளிது. பலகையிலுள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலும் அது எழுத்தாக விழும். இணையம் இருக்க வேண்டும், சற்று நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். நம் வீடுகளில் பேசும் தமிழில் பர்மியச் சொற்கள் கலந்து வருவதால் சில இடங்களில் தவறாக எழுதும். அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் மகனுக்கு நீங்கள் எழுதும் முதல் தமிழ்ச் செய்தி இந்த வாரமே போய்ச் சேர வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

கேள்வி: புதிய கைப்பேசியை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும், பிறகு ஒவ்வொரு முறையும் முழுதாகத் தீர்ந்த பின்பே சார்ஜ் செய்ய வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். எங்கள் பகுதியில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், பெகு

பதில்: ஐயா, கடையில் சொன்னது நிக்கல் வகைப் பேட்டரிகள் இருந்த காலத்து அறிவுரை. இன்றைய கைப்பேசிகளில் இருப்பவை லித்தியம் அயனி பேட்டரிகள். அவற்றுக்கு முதல் நாள் சடங்கு எதுவும் தேவையில்லை. முழுதாகத் தீர விடுவதுதான் அவற்றுக்குக் கெடுதல். மின்சாரம் இருக்கும்போது சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்வதில் தவறே இல்லை. 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்திருந்தால் பேட்டரி நெடுநாள் உழைக்கும். ஆனால் இரவு முழுவதும் மின்சாரம் இராது என்று தெரிந்த நாளில் 100 வரை ஏற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள். அவசரத்துக்கு மருத்துவரை அழைக்க முடியாமல் போவதைவிடப் பேட்டரியின் ஆயுள் சற்றுக் குறைவது பெரிதல்ல.

பேட்டரியின் உண்மையான பகை வெப்பம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் தகரக் கூரைக்கு அடியில் தலையணை மேல் வைத்துச் சார்ஜ் செய்வதும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே படம் பார்ப்பதும் பேட்டரியைக் கெடுக்கும். மின்சாரம் போனவுடன் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். திரும்பி வந்த பின் ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள். மின்சாரம் வரும் அந்தக் கணத்தில் அழுத்தம் ஏறி இறங்கக்கூடும், சார்ஜர்கள் பழுதாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பவர் பேங்க் வாங்குவதாக இருந்தால் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 10,000 மில்லியாம்பியர் மணி என்று எழுதியிருப்பது, உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் அழுத்தத்தில் கணக்கிட்டது. அதை 5 வோல்ட்டாக உயர்த்தி வெளியே தரும்போது 7,400 ஆகிவிடுகிறது; மாற்றத்தில் வெப்பமாக வீணாவதையும் கழித்தால் இன்னும் குறையும். ஆகவே 5,000 அளவுள்ள ஒரு கைப்பேசியை அது இரண்டு முறை நிரப்பாது. ஒன்றே கால் முறை, மிஞ்சினால் ஒன்றரை முறை நிரப்பும். உங்களை யாரும் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம்.

கேள்வி: மழையில் நனைந்த கைப்பேசியை அரிசிப் பானைக்குள் வைத்தால் சரியாகும் என்கிறாள் என் அக்கா. உண்மையா?
– ஒரு வாசகி, மோல்மீன்

பதில்: வேண்டாம், சகோதரி. அரிசியின் நொய்யும் தவிட்டுத் தூசியும் சார்ஜ் துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமும் தன் வழிகாட்டுதலில் இதைச் செய்ய வேண்டாம் என்றே கூறுகிறது. கைப்பேசியை அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டி நீரை வெளியேற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நன்றாகக் காயும் வரை சார்ஜரைச் செருகவே கூடாது. நீர் புகாதது என்று விளம்பரம் செய்யப்படும் கைப்பேசிகளும் நல்ல நீரில் சோதிக்கப்பட்டவையே; ஒருவர் மேல் ஒருவர் நீர் ஊற்றிக் கொண்டாடும் திஞ்ஜான் புத்தாண்டுத் திருவிழாவில் அவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: புதிய கைப்பேசி வாங்கி ஒரு வாரம் ஆகிறது. பழையதை அழித்துவிட்டுத் தங்கைக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். படங்கள் எல்லாம் வந்துவிட்டன என்று நினைக்கிறேன். இப்போதே கொடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், யாங்கோன்

பதில்: தம்பி, ‘நினைக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் இருக்கும்வரை கொடுக்காதீர்கள். ஒரு மாதமாவது பொறுங்கள்.

என் பெரிய தாத்தா எழுதி வைத்திருந்த ஒரு நோட்டில், எங்கள் குடும்பத்தில் யார் யார் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தார்கள், எந்த ஊரில் வயல் வேலைக்குப் போனார்கள், யார் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் இருந்தது. மழையில் நோட்டு நைந்து வருகிறதே என்று ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தேன். கைப்பேசி மாற்றியபோது படங்கள் எல்லாம் வந்துவிட்டன என்று நம்பிப் பழையதை மூன்றாம் நாளே அழித்துக் கொடுத்துவிட்டேன். கேமராவில் எடுத்த படங்கள் வந்திருந்தன. ஆனால் ஸ்கேன் செய்யும் செயலி தன் கோப்புறைக்குள் வைத்திருந்த அந்த முப்பத்திரண்டு பக்கங்கள் வரவில்லை. நோட்டில் இப்போது ஏழெட்டுப் பக்கங்கள்தான் படிக்கும் நிலையில் இருக்கின்றன.

அதனால் சொல்கிறேன். கேமராப் படங்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், குரல்பதிவுகள், ஸ்கேன் செய்த தாள்கள், பதிவிறக்கிய கோப்புகள் ஆகியவற்றைத் தனித்தனியே திறந்து பாருங்கள். செய்தி அனுப்பும் செயலியான வைபர் ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசியில்தான் முதன்மையாக இயங்கும். புதியதில் தொடங்கியவுடன் பழையதில் நின்றுவிடும், பழைய உரையாடல்களும் தாமாக வந்து சேராது. அதற்கு முன்பே பழையதில் காப்புப்பிரதி எடுத்திருக்க வேண்டும். எண்ணைப் புதிய கைப்பேசிக்கு மாற்றும் இந்த நாள்களில் உங்களுக்கு ஆறு இலக்கக் குறியெண் குறுஞ்செய்தியாக வரும். நண்பர் பெயரிலேயே யாராவது அதைக் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து, பழைய கைப்பேசியிலிருந்து கூகுள் கணக்கை முதலில் நீக்குங்கள், பிறகு முழுவதையும் அழியுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால், உங்கள் தங்கை அதைத் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும்.